தூக்குக்குண்டுக் கட்டையில் ஒட்டிய கலவை: கொத்து வேலைக் கருவிகளின் பராமரிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில், உப்பளங்களுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு ஒன்று கட்டப்பட்டு வந்தது. தூண்கள் இல்லாமல் 230 மி.மீ. கனமுள்ள செங்கற்சுவர்களே பாரத்தைத் தாங்கும் வகையைச் சேர்ந்தது அக்கட்டடம். உரிமையாளர் வெளிநாட்டில் பணிபுரிந்ததால், வேலையை அவ்வப்போது பார்வையிட்டு அறிக்கை தரும் பொறியாளராக நான் அமர்த்தப்பட்டிருந்தேன். வேலை கூலி ஒப்பந்தத்தில் நடந்தது. சிமெண்ட், மணல், செங்கல் ஆகியவற்றை உரிமையாளர் வாங்கித் தர வேண்டும். ஆள்களும் கருவிகளும் மேஸ்திரியின் பொறுப்பு. மேஸ்திரியின் கீழ் நான்கு கொத்தனார்களும், இரண்டு பெரியாள்களும், சித்தாள்களாக ஐந்து பெண்களும் வேலை செய்தனர்.

பொருள் வீணானால் இழப்பு உரிமையாளருக்கு; நேரம் வீணானால் இழப்பு மேஸ்திரிக்கு. இந்த ஏற்பாடு ஊர்தோறும் உள்ளதுதான். ஆனால் பின்னால் நடந்தவற்றுக்குப் பெருமளவு காரணமாக அமைந்தது இதுவே என்பதால் இங்கேயே குறித்து வைக்கிறேன்.

அங்கிருந்த ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தது. ஆகவே கலவைக்கும், செங்கல் நனைக்கவும், கட்டியதை இறுகும்வரை ஈரமாக வைத்து நீராற்றவும் லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது. கை கால் கழுவவும் கருவிகளை அலசவும் மட்டும் கிணற்று நீர் பயன்பட்டது.

முதலில் தெரிய வந்தது

தரைத்தளச் சுவர்கள் ஏறத்தாழ முடிந்திருந்த நிலையில், வெளிப்பூச்சு தொடங்குவதற்கு முன் சுவர்களின் செங்குத்தைச் சரிபார்த்தேன். மரக்கட்டையிலிருந்து நூலில் குண்டு தொங்கும் கருவியான என் தூக்குக்குண்டை வடக்குச் சுவரில் பிடித்தபோது, 3 மீட்டர் உயரத்தில் சுவரின் தலை 9 மி.மீ. உட்பக்கமாகச் சாய்ந்திருந்தது. செங்கல் கட்டு வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2212, ஒரு தளத்துக்குள் 3 மீட்டர் உயரத்துக்கு 6 மி.மீ. வரையிலான விலகலையே அனுமதிக்கிறது. மற்ற சுவர்களையும் அளந்தபோது விலகல்கள் இடத்துக்கு இடம் மாறினாலும், அவற்றில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. சாய்ந்த சுவர்கள் அனைத்தும், கொத்தனார் எந்தப் பக்கம் நின்று குண்டு பிடித்தாரோ அதற்கு எதிர்ப்பக்கமாகவே சாய்ந்திருந்தன.

கைத்திறக் குறைவினால் வரும் கோணல் இப்படி ஒரே திசையில் வராது; ஒரு வரிக் கற்கள் உள்ளே போனால் இன்னொரு வரி வெளியே வரும். மேலும், நான்கு கொத்தனார்களில் வயதில் மூத்தவர் கட்டிய தென்மேற்கு அறையின் சுவர்கள் 2 மி.மீ.க்குள் நின்றன. மற்ற மூவரும் அனுபவத்தில் அவருக்கு இளைத்தவர்கள் அல்லர். ஆகவே ஆள்களை விட்டுவிட்டுக் கருவிகளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கருவிகளைப் பார்த்தபோது

மூத்தவரிடம் தமக்கென்று சொந்தத் தூக்குக்குண்டு இருந்தது. துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். மற்ற மூவரும் மேஸ்திரிக்குச் சொந்தமான ஒரே குண்டைக் கைமாற்றிக் கொண்டிருந்தனர். அந்தப் பொதுக் குண்டின் மரக்கட்டையில், நூல் இறங்கும் துளைக்கு இருபுறமும் காய்ந்த கலவை படிந்து பாறையாக இறுகியிருந்தது. மிகக் கனமான இடத்தில் அது 3 மி.மீ. இருந்தது.

இது ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தூக்குக்குண்டில் கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் சமமாக இருக்கும். கட்டையைச் சுவரின் தலையில் ஒட்டிப் பிடித்தால், சுவர் செங்குத்தாக இருக்கும்போது கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கட்டையின் முகத்தில் 3 மி.மீ. கலவை ஒட்டியிருந்தால் நூல் சுவரிலிருந்து அந்த அளவு தள்ளிப்போகிறது. செங்குத்தான சுவரிலும் கீழே 3 மி.மீ. இடைவெளி தெரிகிறது. அதைக் காணும் கொத்தனார், சுவரின் தலை தம் பக்கம் துருத்தி நிற்கிறது என்று கருதி, மேல்வரிக் கற்களைத் தட்டி உள்ளே தள்ளுகிறார். அவர் செய்தது சரியான வேலைதான். அவர் கையில் இருந்த கருவி பொய் சொன்னது. அடிவரியிலிருந்து ஒரே இறக்கத்தில் உச்சி வரை பிடித்திருந்தால் பிழை 3 மி.மீ.யோடு நின்றிருக்கும். ஆனால் சுவர் மீட்டருக்கு மீட்டராக எழும்பி, சாரத்தில் ஏறியபின் ஒவ்வொரு மீட்டரும் அதற்குக் கீழுள்ள பகுதியை வைத்தே சரிபார்க்கப்பட்டதால், மூன்று முறை பிழை சேர்ந்து 9 மி.மீ. ஆயிற்று. அளவும் திசையும் இரண்டுமே இந்த விளக்கத்தோடு பொருந்தின.

மற்றப் பொதுக் கருவிகளின் நிலையும் இதுவே. கிடைமட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் அடிப்பரப்பில் அரிசி மணிகள் போல் கலவைத் துளிகள் ஒட்டியிருந்தன. ஓர் இடத்தில் வைத்துக் குமிழைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் முனை மாற்றி வைத்தபோது குமிழ் வேறிடத்தில் நின்றது. துளிகளைச் சுரண்டி எடுத்தபின் இரண்டு நிலைகளிலும் குமிழ் ஒரே இடத்தில் நின்றதால், ரசமட்டத்தில் பழுதில்லை, அழுக்கே காரணம் என்பது உறுதியாயிற்று. பூச்சை இழுக்கும் அலுமினிய மட்டப்பலகையின் விளிம்பில் இரண்டு இடங்களில் மேடு கட்டியிருந்தது. அதனால் இழுக்கப்பட்ட உட்பூச்சில் அந்த மேடுகளின் தடம் நீளக் கோடுகளாக ஓடியது.

கலவை சுமக்கும் இரும்புச் சட்டிகள் இன்னும் கவலை தந்தன. அடியிலும் ஓரத்திலும் அடுக்கடுக்காகப் பழைய கலவை படிந்து, மிக மோசமான ஒரு சட்டி வெறுமையாகவே புதுச் சட்டியைப் போல் இரு மடங்கு கனத்தது. அந்தக் கனத்தை நாள் முழுவதும் தலையில் சுமந்தவர்கள் சித்தாள்கள். அவர்களுள் ஒருவர், “வெறுஞ்சட்டியே கனக்கு அண்ணாச்சி, இதுல கலவை வேற” என்று மேஸ்திரியிடம் முன்னரே சொல்லியிருந்ததாகவும், அது வேலைக்குப் பணியாத பேச்சாக எடுத்துக்கொள்ளப்பட்டதாகவும் பிறகு அறிந்தேன். அதே சட்டிகளால்தான் மணலும் அளக்கப்பட்டது. படிவு ஏறிய சட்டியில் மணல் குறைவாகவே கொள்ளும் என்பதால், எண்ணிக்கை சரியாக இருந்தும் கலவையில் சிமெண்ட் விகிதம் கூடியிருந்தது. பூச்சுக் கலவையில் சிமெண்ட் மிகுந்தால் சுருக்கம் கூடி மயிரிழை வெடிப்புகள் வரும். உட்பூச்சில் ஓரிரு இடங்களில் அவை காணப்பட்டன. சட்டிதான் காரணம் என்று அவற்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. நீராற்றலும் அங்குச் சீராக இல்லை.

உளிகளின் தலை அடிபட்டு ஓரம் விரிந்து மடிந்திருந்தது. அப்படி விரிந்த விளிம்பு, சுத்தியல் படும்போது சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயக்கூடியது. அன்றே அவற்றைப் பட்டறைக்கு அனுப்பித் தேய்த்து வரச் சொன்னேன்.

காரணம் எங்கே இருந்தது

கொத்தனார்களின் சொந்தக் கரண்டிகள் நால்வரிடமும் சுத்தமாக இருந்தன. கைப்பிடி கைக்குப் படிந்து, தகடு பளபளத்து, வேலை முடிந்ததும் சாக்கில் துடைத்து வைக்கப்பட்டவை அவை. அழுக்காக இருந்தவை அனைத்தும் பொதுக் கருவிகளே. கருவிகளைப் பேணத் தெரியாதவர்கள் என்று இந்தக் குழுவைச் சொல்ல இடமில்லை.

மாலையில் வேலை நிற்கும் விதத்தைக் கவனித்தபோது மற்றது விளங்கியது. வேலை முடியும் நேரம் வரை கலவை போடப்பட்டது. கடைசிக் கலவை தீர்ந்ததும் கொத்தனார்கள் கை கழுவிப் புறப்பட்டனர். சட்டி, மண்வெட்டி, மட்டப்பலகை எல்லாவற்றையும் கழுவும் வேலை சித்தாள்களிடம் விழுந்தது. அதற்குக் கூலி இல்லை. பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்த பெண்கள் ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டு ஓடினர். தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் கழுவ வேண்டிய பொருள்களாகவே எவரும் கருதவில்லை.

மதிய உணவு வேளையும் ஒரு காரணம். சாதாரண சிமெண்டின் தொடக்க இறுகுநேரம் 30 நிமிடங்களுக்குக் குறையக்கூடாது என்றும், முழுதும் இறுக 600 நிமிடங்களுக்கு மேல் ஆகக்கூடாது என்றும் தர நிர்ணயம் கூறுகிறது. மெல்லிய படலமாகக் கருவியில் ஒட்டிய கலவையோ, கடலோர வெயிலிலும் காற்றிலும் நீரை இழந்து அதைவிட விரைவாகவே விறைத்துவிடுகிறது. உணவுக்குப் போகும்போது சட்டியையும் பலகையையும் அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், அந்தப் படலத்தின்மேல் அடுத்த படலம் ஏறுகிறது. ஒருமுறை சிமெண்ட் இறுகிவிட்டால் எத்தனை நேரம் ஊறவைத்தாலும் நீரில் கரையாது. சுத்தம் செய்வதென்பது இறுகுவதற்கு முன் செய்யப்பட வேண்டிய வேலை. பின்னர் செய்வது செதுக்கல்தான்.

சுவர்களைப் பற்றிய முடிவு

கருவிகளைச் சரிசெய்வதற்கு முன், நின்றுவிட்ட சுவர்களை என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. 230 மி.மீ. சுவரில் பாரம் நடு மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது மையத்திலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 38 மி.மீ.க்குள் விழும்வரை சுவரில் இழுவிசை தோன்றாது. 9 மி.மீ. விலகல் அந்த எல்லைக்கு மிக உள்ளே இருந்ததால், வீட்டின் பாதுகாப்புக்கு இதனால் ஆபத்தில்லை என்று உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்தேன். இடிப்பதால் மற்றக் கட்டு வேலையும் அதிர்ந்து தளரக்கூடும் என்பதையும் கருத்தில் கொண்டு, இறுகிவிட்ட சுவர்களை அப்படியே விட்டு, வெளிப்பூச்சை இரண்டு பூச்சாகப் போட்டு நேராக்குவது என்று முடிவாயிற்று. அடியில் 12 மி.மீ. பூச்சு வரும் இடத்தில் தலையில் 21 மி.மீ. வர வேண்டியிருந்தது, அதை ஒரே வீச்சில் அப்பினால் தன் எடையிலேயே தொய்ந்து விலகும். முதல் பூச்சைக் கீறிவிட்டு இறுகவிட்டு, அதன்மேல் இரண்டாவதை இட்டனர்.

சமையலறைச் சுவர் மட்டும் விதிவிலக்கு. அங்கு ஓடு பதிக்கவும் கடப்பாக்கல் மேடை பொருத்தவும் வேண்டியிருந்தது. மேற்பகுதி கட்டி இரண்டு நாள்களே ஆகியிருந்தது. அதன் மேல் மீட்டரை அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னேன். மேஸ்திரி வருந்தினார், மறுக்கவில்லை. தம் குண்டைக் கையில் வாங்கிக் கட்டையைத் திருப்பிப் பார்த்தபின் அவர் வேறு பேச்சுப் பேசவில்லை.

கழுவும் முறையை அமைத்தது

முதல் முடிவு நேரத்தைப் பற்றியது. வேலை முடிவதற்கு இருபது நிமிடம் முன்னதாகக் கலவை நிறுத்தப்பட வேண்டும். கழுவும் வேலை கூலி நேரத்துக்குள் நடக்க வேண்டும். எவர் எதைப் பயன்படுத்தினாரோ அவரே அதைக் கழுவ வேண்டும். அந்த இருபது நிமிடக் கூலியில் பாதியை உரிமையாளர் ஏற்றுக்கொண்டார். இது இல்லாமல் வேறு எந்த விதியும் ஒரு வாரம்கூட நிற்காது என்பது என் உறுதியான கருத்து. கூலியில்லாத நேரத்தில், பேருந்துக்கு ஓடும் பெண்களின் தலையில் கட்டிய சுத்தம் நிலைக்க நியாயமும் இல்லை.

அடுத்தது நீர். பழைய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் குறுக்கே அறுத்து இரண்டு தொட்டிகள் ஆக்கினோம். முதல் தொட்டியில் தேங்காய் நாராலும் செங்கல் துண்டாலும் தேய்த்து முரட்டுக் கழுவல், இரண்டாவதில் அலசல். முதல் தொட்டிக்குக் கிணற்று நீர் போதும். இரண்டாவதில் லாரித் தண்ணீரே வேண்டும் என்று வற்புறுத்தினேன். உப்பு நீரில் கழுவி ஈரத்தோடு வைத்த கரண்டியும் உளியும் காலைக்குள் செந்நிறத் துரு பூப்பதை எல்லோரும் பார்த்திருந்தனர். ஆனால் கழுவியதால்தான் துருப்பிடித்தது என்று அதைப் புரிந்துகொண்டு, சிலர் கழுவாமலே வைக்கப் பழகியிருந்தனர். அலசியபின் சாக்கில் ஈரம் போகத் துடைத்து, இரும்புப் பகுதிகளில் மட்டும் தேங்காய் எண்ணெயை ஒரு துளி தொட்டுத் துணியால் பரப்பச் சொன்னோம். காலையில் வேலைக்கு முன் அந்த எண்ணெய் துடைக்கப்பட வேண்டும். இல்லையெனில் பூச்சின் முகத்தில் கறை விழும்.

முதல் தொட்டியின் நீர் கடும் காரத்தன்மை உடையது. அதைச் செடியடியிலோ சாக்கடையிலோ கொட்டக்கூடாது. செடி கருகும், சாக்கடையில் கசடு இறுகி அடைக்கும். இரவில் கசடு படிந்தபின் மேல்நீரை மறுநாள் முதல் கழுவலுக்கே வைத்துக்கொண்டனர். அடிக்கசடு காயவைத்து இடிபாட்டோடு சேர்க்கப்பட்டது. அந்த நீரில் வெறுங்கையோடு நெடுநேரம் வேலை செய்தால் தோல் வெந்து வெடிக்கும். சிமெண்டிலுள்ள குரோமியம் சிலருக்கு நாளடைவில் தீராத ஒவ்வாமையையும் தரும். ஆகவே கழுவுபவர்களுக்கு ரப்பர் கையுறை வாங்கப்பட்டது.

அளக்கும் கருவிகளுக்குத் தனி ஏற்பாடு. தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலையின் செங்கோணம் பார்க்கும் மூலமட்டம், நூற்கட்டு ஆகியவை தொட்டிக்குள் போகக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து ஒரு தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். மூத்த கொத்தனார் பெட்டிக்குப் பொறுப்பு. காலையில் பெட்டியைத் திறக்கும்போதே கட்டையின் நான்கு முகங்களையும் விரலால் தடவிப் பார்ப்பது அவர் தாமாகச் சேர்த்த வழக்கம். பழைய கட்டையைச் சுரண்டி மீட்க முயலாமல், குண்டின் விட்டத்துக்குச் சரியாகத் தச்சரிடம் புதுக் கட்டை செய்து வாங்கினோம். சுரண்டும்போது மரமும் சேர்ந்து போய்விடும் என்பதே காரணம். மணல் அளக்க 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் கொண்ட மரப்பெட்டி வந்தது. அது கொள்ளும் 35 லிட்டர், 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றின் கன அளவு.

அமிலமும் கழிவு எண்ணெயும்

இறுகிய சட்டிகளைச் சுத்தம் செய்ய, கழிவறை கழுவும் அமிலத்தைப் பெரியாள் ஒருவர் வாங்கி வந்திருந்தார். அது சிமெண்டைக் கரைக்கும் என்பது உண்மை; இரும்பையும் அரிக்கும் என்பதும் உண்மை. இரண்டு சட்டிகளை அவர் கழுவி வைத்திருந்தார். இடுக்குகளில் தங்கிய குளோரைடினால் அவை மற்றவற்றைவிட வேகமாகத் துருப்பிடித்தன. மட்டப்பலகையில் ஊற்றப்போனபோது தடுத்துவிட்டோம். அலுமினியம் அந்த அமிலத்தோடு கொதித்தெழுந்து எரியக்கூடிய வாயுவை விடும். புகையும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு. அமிலம் வேலையிடத்துக்குள் வரக்கூடாது என்று நிறுத்தப்பட்டது. மீட்கக்கூடிய சட்டிகளைக் கவிழ்த்து வெளிப்புறத்தில் மரச்சுத்தியலால் தட்டியபோது படிவு பெரும்பாலும் பாளமாக உதிர்ந்தது. மற்றவற்றை மேஸ்திரி பழைய இரும்புக்குப் போட்டார்.

லாரிகளின் பழைய எஞ்சின் எண்ணெயைத் தடவும் வழக்கத்தையும் விடச் சொன்னேன். மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு நன்மை கிடையாது. கறை படுத்தும், பூச்சின் பிடிப்பைக் கெடுக்கும், நாள்தோறும் தோலில் படுவது புற்றுநோய்க்கு வழிவகுக்கும்.

பின் நடந்தவை

தொடக்கத்தில் கலவையை நிறுத்தும் நேரம் பலமுறை தள்ளிப்போனது. ஒரு சட்டிக் கலவை மீந்தால் அதைத் தீர்த்துவிட்டே நிறுத்துவோம் என்று கொத்தனார்கள் சொல்வர். அந்தச் சட்டி இரண்டாகும். கடைசிக் கலவையை அரை மூட்டையாகப் போடத் தொடங்கிய பிறகே இது அடங்கியது.

ஒரு ஏற்பாடு நேர்மாறான பலனைத் தந்தது. பூச்சைத் தேய்க்கும் மணியாசுக் கட்டைகளையும் இரும்புக் கருவிகளைப் போலவே கழுவி வெயிலில் சாய்த்து வைத்தனர். சில நாள்களில் இரண்டு கட்டைகள் முறுக்கிக்கொண்டு, அவற்றால் தேய்த்த பூச்சில் அலை விழுந்தது. மரம் ஒருபுறம் வேகமாகக் காய்ந்தால் வளையும். நிழலில், காற்று இருபுறமும் படும்படி நிறுத்தி வைக்க வேண்டும். அந்த இரண்டும் இழைத்துத் திருத்தப்பட்டன. கம்பித் தூரிகையால் ரசமட்டத்தின் அடியைத் தேய்த்ததில் கீறல் விழுந்ததும் உண்டு.

எண்ணெய் தடவுவது முழுமையாக நிலைக்கவில்லை. மழை தொடங்கிய ஐப்பசியில் கருவிகள் ஈரம் காயாமல் பெட்டிக்குள் போய், மீண்டும் துரு கண்டது. எனினும் அதற்கு முன் வந்த ஆயுதபூஜைக்கு, வழக்கம்போல் கருவிகளைக் கழுவிப் பொட்டிடும் வேலையோடு கைப்பிடிகளை இறுக்குவது, மட்டப்பலகையின் விளிம்பை நூல் பிடித்துப் பார்ப்பது, உளித்தலைகளைத் தேய்ப்பது ஆகியவற்றையும் சேர்த்துச் செய்திருந்ததால் பெரிய பழுது எதுவும் நேரவில்லை.

முதல் தளச் சுவர்கள் முடிந்ததும் அளந்தபோது, மிக அதிகமான விலகல் 3 மீட்டருக்கு 4 மி.மீ. அளவாக இருந்தது, திசையிலும் ஒழுங்கு தெரியவில்லை. வெளிப்பூச்சு ஒரே பூச்சில் அமைந்தது. கழுவலுக்காக உரிமையாளர் தந்த கூலி, தரைத்தளத்தில் கூடுதல் பூச்சுக்குச் செலவான சிமெண்டின் விலையைவிடக் குறைவு என்று கணக்கிட்டு அவருக்குக் காட்டினேன். சித்தாள்கள் தங்களுக்கு ஏற்பட்ட பெரிய மாற்றமாகச் சொன்னது சட்டியின் கனம் குறைந்ததையே.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கூலி ஒப்பந்தம் எழுதும்போதே கழுவும் நேரமும் அதற்கான கூலியும் தனி வரியாக இடம்பெற வேண்டும். இங்கு அது நடுவில் சேர்க்கப்பட்டதால், உரிமையாளர் தந்த பங்கு எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை உறுதிசெய்ய வழியில்லாமல் போயிற்று. சித்தாள்களின் பெயரிலேயே அந்தத் தொகை கணக்கில் ஏற வேண்டும்.

வேலை தொடங்கும் நாளில் பொதுக் கருவிகள், சொந்தக் கருவிகள் எவை என்று பட்டியலிட்டு, அளக்கும் பொதுக் கருவிகளை ஒருவரின் பொறுப்பில் விட வேண்டும். ஒரு குழுவில் இரண்டு தூக்குக்குண்டுகளாவது இருந்து, வாரத்தில் ஒரு நாள் ஒன்றை மற்றொன்றால் சரிபார்த்தால், சுவர் ஒரு மீட்டர் எழும்புவதற்குள் இத்தகைய பிழை வெளிப்பட்டுவிடும். சாரத்திலிருந்து பிடிக்கும்போதும் அடிவரி வரை நூலை இறக்கியே பார்க்க வேண்டும்.

மதிய உணவுக்கு முன் சட்டிகளையும் மட்டப்பலகையையும் தண்ணீரில் போட்டுவிட்டுப் போவதை மாலைக் கழுவலுக்கு இணையான விதியாக வைத்திருக்க வேண்டும். இங்கு மாலை நேரத்துக்கே கவனம் முழுவதும் போனதால், பகலில் படிந்த படலங்களை மாலையில் செதுக்கி எடுக்கும் வேலை கடைசி வரை ஓரளவு தொடர்ந்தது. மரக்கட்டைகளுக்கு நிழலில் ஒரு தனிச் சட்டம், மழைக்காலத்தில் தகரப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச உலர்ந்த சாக்கு, கையுறைகளைப் பெண்களின் கை அளவுக்கு வாங்குவது ஆகியவை அடுத்த வேலையில் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்யப்படும். வாங்கியவை பெரிதாக இருந்ததால் நழுவுகிறது என்று கழற்றி வைத்துவிட்டு, இருவர் வெறுங்கையோடு கழுவி வந்தனர்.